ஜூம் பார்த்த மத்தியானம்

பட்டாசுப் பெட்டி லேபிளுக்காக, வெடி சிதறுகிற நொடியைப் படம் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. போனில் எடுத்த படம் அச்சில் மங்குகிறது என்று பிரஸ்காரர் கத்தியதால், சிவகாசி ஊர்க்கோடியில் மாடியில் இருந்த ஒரு கேமராக் கடைக்குப் போனேன். பழைய மாடல் சின்னக் கேமரா ஒன்று பாதி விலைக்குக் கிடந்தது.

புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெரிய சத்தம். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

"சாம்பிள் போடுறாக," என்றார் கடைக்காரர்.

சீசனில் ஆர்டர் கொடுக்க வருகிறவர்களுக்குப் பகலிலும் வெடித்துக் காட்டுவார்கள். நானும் தலையாட்டிவிட்டு, லென்ஸில் கீறல் இருக்கிறதென்று அவரோடு சண்டையைத் தொடர்ந்தேன்.

"சந்தேகம்னா பின்பக்கம் ஜன்னல்ல வச்சு ஜூமை இழுத்துப் பாருங்க," என்று எரிந்து விழுந்தார்.

இழுத்தேன். பொட்டலுக்கு அப்பால் பட்டாசுக் கம்பெனி. கூரை பிய்ந்த ஷெட்டிலிருந்து ஒரு பெண் எரிந்துகொண்டே ஓடி வந்தாள். விழுந்தாள்.

"எப்படி, தெளிவா இருக்கா?" கடைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

பாய்ந்து போய் அவர் பிடரியைப் பிடித்து, முகத்தைக் கேமராத் திரையில் வைத்து அழுத்தினேன். "நீரே பாரும்யா! சாம்பிளாம் சாம்பிள்!"

அவர் அலறியபோதுதான் நானும் பார்த்தேன். திரையில் அவள் இன்னும் விழவில்லை. லேபிளுக்கு எடுத்துப் பழகிய என் விரல், சரியான நொடியில் பொத்தானை அழுத்தியிருந்தது.

லென்ஸில் கீறலே இல்லை. கேமராவைச் சுவரில் ஓங்கி அடித்தேன்.