நன்றிப் பண்டிகைச் சேவல்

சின்னக்கானல், நவம்பர் 1974.

மூணாறு பஸ் பழுதாகி நிற்கிறது. மழைக்கு ஒதுங்கிய என்னை ஓர் அமெரிக்கப் பாதிரியார் வீட்டுக்குள் கூப்பிட்டுச் சாப்பிட உட்கார வைக்கிறார். இன்று அவர்கள் ஊரில் குடும்பமாகக் கூடிக் கடவுளுக்கு நன்றி சொல்லும் பண்டிகையாம். அங்கே வான்கோழி, இங்கே முழுசாக வெந்த ஒரு முரட்டுச் சேவல். ஜெபிக்கும்போது அவர் மனைவிக்குக் கண் கலங்குகிறது.

சாப்பிட்டு முடித்ததும், சமையல் செய்யும் பேச்சியம்மாளிடம் கேட்கிறேன். "இவ்ளோ பெரிய சேவல் எங்கம்மா கெடச்சுது?"

"எம் மகளுக்குக் காய்ச்சல் விட்டதுக்காகக் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டது, அண்ணாச்சி."

எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. "சாமி குத்தமில்லையா?"

"அந்தம்மா ஊர நெனச்சு ரெண்டு நாளா அழுதாக. வேற கோழி கெடைக்கல. கருப்பன் பேரச் சொல்லி, வீட்டுக்குப் பின்னால வச்சுத்தான் அறுத்தேன். அவுகளும் சாமிக்கு நன்றிதான சொல்லுதாக?"

அப்படியென்றால் நாங்கள் தின்றது கருப்பன் படையல்!

தமிழ் தெரியாத பாதிரியார் என்னிடம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்கிறார். "என்ன சொல்கிறார்?"

அவர் தட்டில் எலும்புதான் மிச்சம்.

"தன் மகள் பிழைத்ததற்கு அவளும் நன்றி சொல்கிறாளாம்."

"ஆமென்" என்று மனமுருகிக் கண்ணை மூடுகிறார்.