மாடியிலேயே பிரதட்சணம்

காட்டுப்பாக்கத்தில் தங்கை குடியிருக்கும் வீட்டு மொட்டை மாடிக்கு, சூரியனைக் கும்பிட விடியலில் ஏறுகிறேன். பனிமூட்டத்தில், சுற்றியுள்ள மாடிகளில் எல்லாம் வயதானவர்கள் வெறுங்காலோடு, சத்தமே இல்லாமல் வட்டமாக நடக்கிறார்கள்.

எங்கள் மாடியில் நடக்கிற வீட்டுக்காரப் பெரியவரிடம் காரணம் கேட்கிறேன்.

"தெருவுல நடக்க எடமில்ல நைனா. அம்மன் கோயிலு மெயின் ரோட்டுக்கு அந்தாண்ட கீது. நடுவுல சுவரு வச்சு வழிய அடைச்சிட்டாங்க. ஏறித் தாண்டுறேன்னு போன என் கூட்டாளி லாரியில அடிபட்டுப் பூட்டான். அதுலேர்ந்து எல்லாரும் இங்கியேதான் அம்மன நெனச்சிகினு சுத்துறோம்."

கைப்பிடிச் சுவருக்கும் தனக்கும் நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டே நடக்கிறார். "தாயே" என்று நானும் அங்கே சேரப் போகிறேன். கையை நீட்டித் தடுக்கிறார்.

"பின்னால வா நைனா. அது அவன் நடக்கிற எடம்."