கிழங்கைக் கையில் கொடுத்தவள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போது கொஞ்சம் தணிந்திருக்கிறது. தணிந்ததற்குக் காரணம் வயது இல்லை, ஒரு குச்சிக்கிழங்கு.

எண்பதுகளின் தொடக்கம். ராசிபுரம் போகிற ரோட்டில், மரவள்ளியை அரைத்து ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில்லில் அம்மா பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கிழங்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்த அப்பா கட்டிலோடு கிடந்தார். அம்மா கத்தி பிடித்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். எனக்குப் பத்தொன்பது வயதானபோது, பொங்கல் கழிந்து கிழங்கு லாரிகள் வர ஆரம்பித்ததும் நானும் அந்தக் கொட்டகைக்கு வேலைக்குப் போனேன்.

அங்கே வேலை ஜோடி ஜோடியாக நடக்கும். ஒருத்தி கிழங்கின் இரண்டு முனையையும் நறுக்கி, தோலில் நீளமாக ஒரு கீறல் போட்டு எதிரே வீசுவாள். மற்றவள் ஓரக்கண்ணால் பார்த்துப் பிடித்து, உரித்துத் தொட்டியில் போடுவாள். அம்மாவுக்கு ஜோடி நான்தான் என்று நினைத்துக்கொண்டு போனால், ஏரிக்கரைக் காலனியிலிருந்து வரும் ஒரு அக்கா அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். "நீ அக்கட்டால போயி ஒக்காரு சாமி" என்று அம்மா என்னை விரட்டிவிட்டாள்.

அந்த அக்கா அரவை மெஷின் இரைச்சலை மீறி, அம்மாவின் காதுப் பக்கம் சாய்ந்து வாய் ஓயாமல் ஏவிக்கொண்டே இருந்தாள். "திருப்பு. நுனியில தோலு நிக்குது. தொட்டி இந்தப் பக்கம்." அம்மாவும் தலையை ஆட்டிக்கொண்டு செய்தாள். இத்தனை வருஷம் வேலை பார்த்தவளுக்கு இவள் பாடம் நடத்துகிறாளா என்று எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் எழுந்து போய் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினேன்.

"எங்கம்மாளுக்கு வேல சொல்ல நீ யாரு? எந்திரி."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் எங்கே கேட்டேன்? அவள் இடத்தில் உட்கார்ந்து, ஒரு கிழங்கைக் கீறி அம்மாவை நோக்கி வீசினேன்.

அம்மா கையைத் தூக்கவில்லை. விலகவும் இல்லை. கிழங்கு நேராக நெற்றியில் போய் அடித்தது. புருவத்துக்கு மேலே ரத்தம் கசிந்தது. "யாரு? யாரது?" என்று கேட்டாள். அரவை மெஷின் சத்தத்தில் நான் கத்தியது அவள் காதில் விழவில்லை. ஆனால் இரண்டு முழத் தூரத்தில், பட்டப்பகலில், அவள் முகத்துக்கு நேராக நான் உட்கார்ந்திருந்தேன்.

மேஸ்திரி வந்தார். "என்னம்மா, கண்ணு தெரியலயா?"

சும்மாதான் கேட்டார். ஆனால் கொட்டகையில் ஒரு கத்திகூட அசையவில்லை. முந்தின வருஷம் கை நடுங்குகிறது என்று ஒருத்தியை இதே மேஸ்திரி கேட்டுக்கு வெளியே அனுப்பியிருந்தார்.

அடுத்த நொடி எனக்குப் பின்னாலிருந்து ஒருத்தி பாய்ந்து என் சடையைப் பிடித்து இழுத்தாள். "பெத்தவ மேலயே கெழங்க வீசறயா? அத்தன கொழுப்பா?" இன்னொருத்தி முதுகில் ஒரு அறை வைத்தாள். நான் தள்ளிவிட்ட அந்த அக்காதான் எல்லோரையும்விடப் பெரிதாகக் கத்தினாள். "பாருங்க மேஸ்திரி, வந்து மூணு நாளாகல, அம்மாகூட மல்லுக்கு நிக்கறா!"

"சண்டைய ஊட்ல வச்சுக்குங்க" என்று சிரித்துக்கொண்டே மேஸ்திரி போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் அடி நின்றது. என் சடையை இழுத்தவளே அதைச் சரியாகப் பின்னிவிட்டாள். பின்னிக்கொண்டே காதோரம் விஷயத்தைச் சொன்னாள்.

அம்மாவுக்கு ஒன்றரை வருஷமாகக் கண் தெரியவில்லை. வெளிச்சமும் நிழலும் தெரியும், அவ்வளவுதான். அது அந்தக் கொட்டகையில் அத்தனை பேருக்கும் தெரியும். ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்த எனக்குத் தெரியாது. அரிசியில் கல் பொறுக்குவதை "நீ பழகிக்க" என்று என் தலையில் கட்டினாள், நான் முணுமுணுத்தேன். அந்த அக்காவின் கையைக் கோத்துக்கொண்டு வேலைக்குப் போனாள், நான் கேலி செய்தேன். கல்யாணம் என்று சொல்லி இருவரும் சேலம் போனது ஆஸ்பத்திரிக்கு. நரம்பு செத்துவிட்டது, இனிப் பார்வை வராது என்று சொல்லி அனுப்பினார்களாம்.

"எங்கிட்டச் சொன்னா என்னம்மா?" என்று வீட்டில் அழுதேன்.

"ஊட்ல சொன்னா உங்கப்பன் கட்டலுக்குப் பக்கத்துல இன்னொரு கட்டலப் போட்டுருவீங்க. அங்க சொன்னேன், ஒக்கார எடம் குடுத்தாங்க."

மறுநாள் காலையில் அந்த அக்காவின் முன்னால் போய் நின்றேன். நான் மன்னிப்புக் கேட்குமுன் அவளே பேசினாள். "இதே கொட்டாயில எங்கம்மாளுக்கு வெரலு மடங்காமப் போச்சு கண்ணு. நாலு வருசம் அவ பங்கயும் சேத்து உங்கம்மாதான் உரிச்சா. அப்ப நீ சின்னப் புள்ள." அதுவும் எனக்குத் தெரியாது. அவள் எழுந்து தன் இடத்தைக் காட்டினாள். "வீசாத. கையில குடு. நாந் தண்ணி குடிச்சுட்டு வாரேன்."

உட்கார்ந்தேன். மெஷின் இரைந்துகொண்டிருந்தது. முதல் கிழங்கை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். உரித்துத் தொட்டியில் போட்டாள். இரண்டாவதை வைக்கும்போது முன்னால் குனிந்து என் காதருகே வந்தாள்.

"நேத்து எம்புள்ளயப் புடிச்சு இழுத்தாங்களே, எங்காச்சும் காயம் பட்டிருக்குதா? கேட்டா ஒண்ணுமில்லங்கறா. நீ நல்லாப் பாத்துச் சொல்லு."

அவள் நெற்றியில் நான் உண்டாக்கிய காயத்தின்மேல் மஞ்சள் காய்ந்திருந்தது. வாயைத் திறந்தால் எதிரே இருப்பது நான் என்று தெரிந்துவிடும். கையிலிருந்த கிழங்கை உரிக்காமல், அம்மா பதிலுக்குக் காத்திருந்தாள்.