ஓரகத்தி சொல்லாமல் வைத்திருந்தது

இரண்டு வருஷத்துக்கு முன்னால், செஞ்சிப் பக்கம் வேர்க்கடலை பிடுங்கும் சமயம். குளிக்கும்போது இடது மார்பில் ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலியே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் பார்த்துவிட்டு, ஸ்பெஷலிஸ்ட் பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்று விழுப்புரத்துக்கு எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தேதி கிடைத்தது. வீட்டுக்காரருக்கு பெங்களூரில் வேலை. மகளுக்குப் பரீட்சை நேரம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் என் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் மனைவி, மாத்திரை வாங்க நின்றிருந்தாள். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக் குடியிருக்கிறோம். அந்தச் சுவர் எழுப்பும்போது வந்த சண்டையில் மூன்று வருஷமாகப் பேச்சில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போகப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"இன்னாக்கா ஆச்சு? மூஞ்செல்லாம் ஒரு மாதிரி இருக்குது?"

அவ்வளவுதான், ரோடு என்றும் பார்க்காமல் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன்.

மறுநாளிலிருந்து தினமும் வந்தாள். 'ஒண்ணும் இருக்காது' என்று ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை. நான் நிமிஷத்துக்கொரு தரம் கட்டியை அழுத்திப் பார்த்துப் புண்ணாக்கி வைத்திருந்தேன். அதைக் கண்டுபிடித்துவிட்டு, "கைய எடுக்கா, அத பாக்கறதுக்கு டாக்டர் இருக்காங்க" என்று என் முன்னால் ஒரு கட்டு வேர்க்கடலைச் செடியைப் போட்டாள். காய் ஆய்ந்துகொண்டே என் பயத்தையெல்லாம் கொட்டுவேன். கேட்டுக்கொண்டே இருப்பாள். மொபைலில் கண்டதையும் படித்துவிட்டுப் புலம்பினால், ஒரு நோட்டை நீட்டி, "எழுது, டாக்டர கேப்போம்" என்பாள். பதினேழு கேள்விகள் சேர்ந்துவிட்டன.

போக வேண்டிய நாள் காலையில், "நான் வரல. தெரியாமலே இருந்துட்டுப் போறேன்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

"தெரியாம இருந்தா கட்டி கரைஞ்சிடுமா? எழுந்திருக்கா."

அப்படி ஓர் அதட்டலை அவளிடம் அதற்கு முன் நான் கேட்டதில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றினாள். அங்கே அத்தனை பெரிய டாக்டரை விடாமல் பதினேழு கேள்வியையும் கேட்டாள். ஊசியில் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வாரம் ரிசல்ட் வாங்கவும் அவள்தான் கூட வந்தாள். புற்று இல்லை, சாதாரணக் கட்டிதான் என்றார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "உனக்கு எப்படிடி இவ்ளோ தைரியம்?" என்று கேட்டேன். ரிசல்ட் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"எங்கம்மாவுக்கும் இதே மாதிரிதான்கா. கூச்சப்பட்டுக்கினு ரெண்டு வருஷம் யார்கிட்டயும் சொல்லல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள முத்திடுச்சி."

கல்யாணத்துக்கு முன்பே அம்மா இல்லாதவள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். என்ன வியாதி என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை, நான் உள்பட.

"இத்தன நாள் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ பஸ்ஸே ஏறியிருக்க மாட்டியே" என்றவள் அப்போதுதான் அழுதாள்.

இத்தனை நாளும் எனக்கு எதிரில் உட்கார்ந்து காய் ஆய்ந்தவள், என்னைவிட அதிகமாகப் பயந்திருக்கிறாள். எனக்குத்தான் தெரியவில்லை. கோபத்தில் மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். எனக்காக அவள் வாயை மூடிக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது, இவள் எங்கள் வீட்டுக்கு வந்தவள் என்று பெருமையாகவும் இருக்கிறது.