மாடியில் காய்ந்த துணி

படைப் பயிற்சிக் கல்லூரியில் போர்ச் சட்டம் நடத்தும் வக்கீலம்மாவுக்கு மாணவ அதிகாரிகள் வைத்த பெயர் 'துருவல்'. ஒரு லாரியின் படத்தைக் காட்டி, "இதச் சுடலாமா?" என்பாள். "எதிரி லாரிதானே மேடம்" என்று எவனாவது வாயைக் கொடுத்தால் தீர்ந்தான். உள்ளே என்ன, ஓட்டுவது யார், பக்கத்தில் யார் வீடு என்று துருவித் துருவியே அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். பிறவிக் குணம், என்ன செய்ய!

சண்டை மூண்டதும் அவளைக் கட்டளை அறைக்கு மாற்றினார்கள். பீரங்கி எதைச் சுடுவதானாலும் அவள் பார்த்து, சட்டப்படி சரி என்று எழுத வேண்டும்.

ஒருநாள் காலை, அவளிடம் படித்த மேஜர் வானிலிருந்து எடுத்த படம் ஒன்றை நீட்டினார். ஆற்றுக்குக் கிழக்கே ஒரு மாடிக் கட்டடம்.

"குண்டுக் கிடங்கு மேடம். அங்கேருந்துதான் நம்ம ஆளுங்க மேல அடிக்கிறாங்க. உங்க தம்பியும் முன்வரிசையிலதான் இருக்காரு."

அது அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் பாழாய்ப்போன கண் மாடிக்கே போனது.

"மேல என்ன காயுது?"

"துணி. சிப்பாய்ங்க துவைச்சிருப்பாங்க."

"சாண் அகலம், பத்து முழ நீளம். இந்த அளவுல எந்த ஊர்ல சட்டை தைக்கிறாங்க?"

மேஜர் படத்தைப் பெரிதாக்கினார். காயத்துக்குக் கட்டும் துணி. புதுசு கிடைக்காமல் துவைத்துக் காயப்போட்ட புண்ணியவான்கள், மாடியில் வரைந்திருந்த ஆஸ்பத்திரிக் குறியையே மூடிவிட்டிருந்தார்கள். ஒரு முனை மட்டும் எட்டிப்பார்த்தது. கிடங்கு என்று சொன்னது போன வருஷத்து இலக்குப் பட்டியல்.

"உள்ள படுத்திருக்கறதும் எதிரி சிப்பாய்ங்கதானே மேடம்?"

"அடிபட்டுப் படுத்துட்டா நோயாளி. வகுப்புல தூங்கிட்டீங்களா?"

'சுடக் கூடாது' என்று எழுதினாள். ஒருவேளை அதே இடத்தில் பீரங்கியும் இருந்துவிட்டால் தம்பி போய்விடுவான்.

சாயங்காலம் தம்பியே போன் செய்தான்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. பக்கத்துல இருந்தவன் போயிட்டான்."

"குண்டு எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?"

"வடக்கேருந்து. ஏங்க்கா?"

வடக்கு என்றால் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து இல்லை; அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஒருத்தன் செத்த சேதியில் நிம்மதி கண்டோமே என்று அடுத்த கணமே மனசு சுட்டது. போனைக் காதில் வைத்தபடியே அழுதாள்.