தாய்மாமன் போட்ட லைட்டு

என் மகளுக்குக் காது குத்துவதாகப் பேச்சு வந்ததும் அண்ணன், "தோடு யாரு வேணா போடலாம். நா எம் மருமகளுக்கு லைட்டே போட்டுத் தாறேன்" என்றான். இறம்பொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பேக்டரி இஞ்சின் ரூமில் அவனுக்கு வேலை. அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் தோட்டத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குதான். என் கணவர் கணக்கப்பிள்ளை என்பதால் எங்களுக்குத் தகரச் சுவர் வைத்த தனிவீடு. அதற்கு எங்கள் பேக்டரியிலிருந்து லைன் இழுத்துக்கொள்ளத் தோட்டத்துத் துரை சம்மதித்திருந்தார். அண்ணன் வந்து வயர் இழுத்து, பல்பு மாட்டி, சுவிச்சைத் தட்டினான். மாமியார் பல்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

வேலை சரியாக இருக்கிறதா என்று எங்கள் பேக்டரி மெக்கானிக் பார்த்துச் சொல்ல வேண்டும், அது தோட்டத்து விதி. அவரும் வந்தார். வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். "எரியுதுல்ல? அப்புறம் என்னாங்க?" என்றார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அட மனுசா, எரிவது எனக்குத் தெரியாதா!

அடுத்த வெள்ளிக்கிழமை வீடு மெழுகிவிட்டு, ஈரம் காயாத தரையில் நின்று தகரத்தில் கை வைத்தேன். எறும்பு கடித்த மாதிரி சுள்ளென்றது. மறுநாள் தொட்டேன், ஒன்றுமில்லை. மறு வெள்ளி திரும்பவும் சுள். மாமியாரிடம் சொன்னதும் அவரும் தொட்டுப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வெள்ளிக்கிழமை மட்டும் வருதுன்னா வேற யாரு? மாரியாத்தாதான். வீடு தேடி வந்திருக்கா" என்றார். அன்றே அந்த இடத்தில் மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார்.

சிரிப்பு வந்தது, அதைவிடப் பயம் வந்தது. என் மகள் தவழ்கிற வயது. சிவப்பைக் கண்டால் விடமாட்டாள், நேரே அந்தப் பொட்டுக்குத்தான் போவாள். நான் ஒரு புதன்கிழமை பார்த்து, வேண்டுமென்றே சுவரோரம் ஒரு செம்பு தண்ணீரைக் கொட்டி, அதில் நின்று தொட்டேன். சுள்! ஆத்தா வெள்ளிக்கிழமைக்கு வரவில்லை, ஈரத்துக்கு வருகிறாள் என்று எனக்கு உறைத்துவிட்டது.

கணவரிடம் சொன்னால், "எனக்கு ஒண்ணுமே தெரியலியே" என்கிறார். குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்போடு திரிகிற மனிதருக்கு எங்கே தெரியும்? "சீரா வந்தத நொட்டை சொன்னா மச்சான் மனசு என்னா பாடுபடும்? விசேசம் முடியட்டும்" என்று வாயை அடைத்துவிட்டார். அன்றிலிருந்து பிள்ளையை இடுப்பை விட்டு இறக்கவில்லை நான். சோறு வடிக்கும்போதும் இடுப்பில்தான். கண்ணை மூடினால் அந்தப் பொட்டை நோக்கி ஒரு சின்னக் கை போகும்.

காதுகுத்து அன்று விடியற்காலையிலேயே வீட்டை மெழுகியாயிற்று. அண்ணன் சீர்த்தட்டோடு வந்தான். தாய்மாமன் வெறுந்தரையில் நிற்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். மணைப்பலகை போட்டு, அதில் அவனை நிறுத்தி, சந்தனம் பூசி மாலை போட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, அந்தச் செவுத்த தொடு."

நின்ற இடத்திலிருந்தே எட்டித் தகரத்தைத் தட்டினான். "எங்க? ஒண்ணுமில்லியே! கரண்டுன்னாலே ஒனக்குப் பயம்" என்றான். வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். கணவர் என்னை முறைத்தார். எனக்கு மானம் போயிற்று, தலை குனிந்தேன். அப்போதுதான் அண்ணன் காலடி கண்ணில் பட்டது. காய்ந்த பலகை!

"மணைய விட்டு எறங்குண்ணே."

"அடியே! மாமன மணைய விட்டு எறக்குறியா?" என்று மாமியார் கூவினார்.

"எறங்கித் தொடு. இல்லாட்டி எம்புள்ள இந்த வீட்டுல இருக்கமாட்டா."

அண்ணன் என் முகத்தையே பார்த்தான். பிறகு ஈரத்தரையில் இறங்கிப் புறங்கையால் தகரத்தைத் தொட்டான். "ஐயோ!" என்று கையை உதறினான். அவன் புறங்கையெல்லாம் குங்குமம்.

நேரே போய் பியூஸைப் பிடுங்கினான். பிறகு மேலே ஏறிப் பார்த்தான். தகரத்தில் ஓட்டை போட்டு வயரை உள்ளே விட்ட இடத்தில் குழாய் மாட்டாமல் விட்டிருந்தான். தகர விளிம்பு உரசி உரசி வயரின் மேல்தோலை அறுத்திருந்தது. "பேக்டரியில பலகை மேல நின்னே வேலை பாத்துப் பழகிட்டேன். நீங்க தரை மெழுகுவீங்கன்னு நெனைக்கவே இல்ல தங்கச்சி" என்றான். எனக்கு அதுவரை இருந்த கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

நல்ல நேரம் போகிறதென்று ஆசாரி அவசரப்படுத்தினார். அண்ணன் மணையில் உட்கார்ந்தான். பிள்ளையை அவன் மடியில் வைத்தேன். ஆசாரி ஊசியை எடுத்துக் காதருகே கொண்டுபோனார், திரும்பவும் கீழே இறக்கிவிட்டார்.

"புள்ள சும்மாத்தானே இருக்கு? மாமன் கை ஏன் இந்த நடுங்கு நடுங்குது? ஆடாம புடிங்க."

நான் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.