நரிக் குடும்பமும் சாக்கு முகமூடியும்

ஜேர்மனியில் ஹம் நகரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில், சனிக்கிழமை பின்னேரங்களில் மேல்மாடியிலிருந்து ஒரு பெரிய சிரிப்புக் கேட்கும். இதில் என்ன புதினம் என்பீர்கள். ரிவிப் பெட்டியில் ஒருவரும் ஒன்றும் கதைக்காத இடங்களில்தான் அந்தச் சிரிப்பு வரும். கீழே நாங்களும் அதே காட்டூனைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு நரிக் குடும்பம், அது வாழும் சின்னப் பட்டணம். எத்தனையோ வருடங்களாக ஓடுகிற தொடர். எங்கள் மகள் யாழினிக்கு அப்போது எட்டு வயது. அந்த நாட்டு மொழியான டொச்சைப் படிக்கலாம் என்று நானும் அவளோடு குந்திவிடுவேன். தகப்பன் நரி தொப்பியைச் சரித்துக்கொண்டு படியில் இறங்கும், அவ்வளவுதான். மேல்மாடியில் குடியிருந்த உர்சுலா விழுந்து விழுந்து சிரிப்பாள். சொல் விளங்காவிட்டால் அகராதியைப் பார்க்கலாம். சொல்லே இல்லாத பகிடியை எதில் பார்ப்பது?

ஒருநாள் படிக்கட்டில் அவளிடமே கேட்டேன். உர்சுலாவின் மகள் லேனாவும் யாழினியும் ஒரே வகுப்பு. "அது ஒரு பழைய படத்தில் வருகிற நடை," என்றாள் உர்சுலா. அந்தத் தொடரை வரைகிறவர்கள் பழைய படங்களையும், பாட்டு மெட்டுகளையும், அரசியல்வாதிகளின் கைவீச்சையும் அங்கங்கே ஒளித்துவைப்பார்களாம். கண்டுபிடிக்கிறவர்களுக்கு அதில் தனிச் சந்தோசமாம். "டாஸ் கென்ட் டொஹ் யேடர்," என்று முடித்தாள். இது எல்லாருக்கும் தெரியும்தானே. அந்த எல்லாரிலும் நான் இல்லை என்பது அவளுக்குத் தோன்றவில்லை. இந்த விளையாட்டு எனக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் ஒரு பகிடி நடிகர் தலைமயிரை ஒரு விதமாகக் கோதிவிட்டால் போதும், யாரை நையாண்டி பண்ணுகிறார் என்று முழுக் கொட்டகையும் விசிலடிக்கும். அங்கே நான் ஒருவரிடமும் விளக்கம் கேட்டதில்லை.

எங்கள் அசூல் வழக்கு, அகதியாக ஏற்கச் சொல்லிப் போட்ட வழக்கு, முடிவில்லாமல் இழுபட்டுக்கொண்டிருந்த காலம் அது. விசாவைச் சில மாதங்களுக்கு ஒருமுறை நீட்டித் தருவார்கள். அகதிகள் இருந்த வீடுகளுக்கு எங்கெங்கோ நெருப்பு வைத்த செய்தியையும் அதே ரிவியில்தான் பார்த்தோம். கையில் ரிக்கற் இருந்தாலும் பரிசோதகர் பஸ்ஸில் ஏறினால் அதில் உள்ள திகதியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். என் கணவர் தவம் என்னைவிடப் பயந்தவர். பொலிஸ் வாகனம் தெருவில் போனால் கடைக் கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்றுவிடுவார்.

மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை அந்தத் தொடரில் நரிப் பட்டணத்து ஆட்களையெல்லாம் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தலையில் உருளைக்கிழங்குச் சாக்கைக் கவிழ்த்த ஒருவன் முன்னால் இருந்தான். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் வர, அவன் சிலருக்குத் தலையை ஆட்டினான். ஆட்டப்பட்டவர்களை இழுத்துப் போனார்கள். மேலே சிரிப்பு அதிர்ந்தது. யாழினியும் சிரித்தாள். தவம் எழும்பிப் போய் ரிவியை நிற்பாட்டினார். குசினிக்குள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒன்றும் கழுவாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் ஏன் எழும்பினார் என்று ஊரில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இலங்கை ஆமி ஊரைச் சுற்றிவளைத்தால் ஆம்பிளைகள் எல்லாரையும் சந்திக்குக் கொண்டுபோவார்கள். அங்கே சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் இருப்பான். தலையாட்டி என்போம். அவன் யாரென்று தெரியாது. பக்கத்து வீட்டுக்காரனாகவும் இருக்கலாம். அவன் தலை அசைந்தால் உங்கள் கதை முடிந்தது. வரிசையில் தவத்துக்கு முன்னால் நின்றவர் அவருடைய தம்பி குகன். தம்பிக்குத் தலை அசைந்தது. தவத்துக்கு அசையவில்லை. குகன் பிறகு வரவேயில்லை. யாழினிக்கு இப்படியொரு சித்தப்பா இருந்தார் என்பதையே நாங்கள் சொல்லாமல் வைத்திருந்தோம்.

அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தில் கார்னவால், வேடம் போடுகிற நாள். வகுப்புக்குக் கொடுக்க வடை சுட்டு எடுத்துக்கொண்டு நானும் தவமும் போனோம். முற்றத்தில் இளவரசிகளும் கடற்கொள்ளைக்காரர்களுமாகப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். முன்னால் ஒரு கதிரை. அதில் ஒரு பிள்ளை, தலையில் சாக்கு. எங்கள் மகள் இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு அதன் முன்னால் போனாள். சாக்கு மேலும் கீழும் அசைந்தது. மற்றவர்கள் "பும்!" என்று கத்த, யாழினி சிரித்தபடி நிலத்தில் விழுந்தாள்.

தவம் ஓடினார். வடைச் சட்டி என் கையை விட்டுப் போனது. அவர் அந்தச் சாக்கைப் பிடித்து இழுத்த வேகத்தில் பிள்ளை கதிரையோடு சரிந்தது. உள்ளே இருந்தது லேனா. உதடு வெடித்து இரத்தம் வந்தது.

ரீச்சர் ஓடிவந்து லேனாவைத் தூக்கினார். "இது காட்டூனில் வருகிற விளையாட்டு! உங்களுக்கு இது தெரியாதா?" என்று தவத்திடம் கேட்டார்.

"யா, இஹ் கென்னே," என்றார் தவம். ஓம், எனக்குத் தெரியும். அவர் சொன்னது வேறு.

ரீச்சரின் முகம் இறுகியது. "தெரிந்துகொண்டா பிள்ளையை விழுத்தினீர்கள்?"

எனக்குச் சொல்ல வேண்டிய எல்லாம் தமிழில் தொண்டைவரை வந்தது. டொச்சில் மன்னிப்புக் கேட்க மட்டும்தான் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் தவம் கதவைப் பூட்டினார். "பொலிஸ் வரும், வசந்தி. பிள்ளையில கை வைச்சிட்டன். இதைச் சாட்டி எங்களைத் திருப்பி அனுப்பப் போறாங்கள்."

"அப்பிடி அனுப்பேலாது. வழக்கு நடக்குதெல்லே."

"ஏலாதெண்டு ஆர் சொன்னது?"

எனக்கும் தெரியாது. யாழினியின் உடுப்புகளை ஒரு பையில் அடுக்கினேன். மறுநாள் அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. அவரும் வேலைக்குப் போகவில்லை. படிக்கட்டில் யார் ஏறினாலும் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். பின்னேரம் வாசல் மணி அடித்தது. தவம் சப்பாத்தைப் போட்டு நாடாவைக் கட்டினார். தம்பியைக் கொண்டுபோனபோது காலில் செருப்பிருக்கவில்லை என்று எப்போதோ சொன்னவர். அவர் ஏன் நாடா கட்டுகிறார் என்று எனக்கு விளங்கியது. மணி மறுபடி அடித்தபிறகுதான் கதவைத் திறந்தேன்.

வாசலில் உர்சுலா. பக்கத்தில் உதடு வீங்கிய லேனா. உர்சுலாவின் கையில் ஒரு வீடியோ கசெற்.

"ரீச்சரோடு கதைத்துவிட்டேன். விசயம் பெரிதாகாது," என்றாள். "காட்டூன்காரர் ஒளித்துவைத்த பழைய படம் உங்களுக்குத் தெரியாததால் பயந்துவிட்டீர்கள். பாருங்கள், இது வெறும் பகிடி."

நல்ல மனதோடுதான் வந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. கசெற்றைப் போட்டாள். கறுப்பு வெள்ளைப் படம். முகமூடி போட்டவனுக்கு விக்கல். விக்கும்போதெல்லாம் தலை ஆடும். ஆடும்போதெல்லாம் ஓர் அப்பாவியைப் பிடிப்பார்கள். பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். தவம் கண்வெட்டாமல் பார்த்தார். பிறகு அவரே வாய் திறந்தார்.

"மைன் புறூடர்." என் தம்பி. சாக்கைக் காட்டினார். தன் தலையை மேலும் கீழும் ஆட்டினார். "டான் வெக்." பிறகு இல்லை.

உர்சுலா முதலில் இன்னும் சிரிக்கிற முகத்தோடுதான் இருந்தாள். மெல்ல மெல்ல அது மாறியது. கசெற்றை நிற்பாட்டினாள். முழங்காலில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். லேனாதான் கேட்டாள், அவர் திரும்பி வந்தாரா என்று. தவம் இல்லையென்று தலையாட்டினார். அவளுடைய உதட்டைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார்.

யாழினி என் கையைப் பிடித்தாள். "அம்மா, அப்பாவுக்குத் தம்பி இருந்தவரோ?"

தன் சித்தப்பாவைப் பற்றி அவள் முதன்முதலில் டொச் மொழியில்தான் கேள்விப்பட்டாள்.

பொலிஸ் வரவில்லை. வழக்கு மட்டும் மேலும் இழுபட்டது. பையைப் பிரித்து அடுக்க எனக்குக் கனநாள் மனம் வரவில்லை. பனி கரைந்தபிறகு ஒரு சனிக்கிழமை லேனா கீழே வந்து எங்களோடு ரிவி பார்த்தாள். தாய் நரி சந்தையில் ஒரு பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்து ஒரு விதமாகத் திரும்பியது. லேனா கெக்கட்டம் விட்டுச் சிரித்தாள். யாழினிக்கும் அது எதிலிருந்து என்று தெரிந்திருந்தது. உதடு விரியத் தொடங்கிவிட்டது. ஆனால் அவள் பாதியில் நிறுத்தி, திரும்பித் தன் தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். தவத்துக்குப் பூசணிக்காய் விளங்கவில்லை. அவளுக்காகச் சிரித்தார். அதன்பிறகுதான் அவள் சிரித்தாள்.